சலாபக் கரையும் தோபாக் கரையும்

முத்து என்றதும் உலகம் இன்று யப்பானையே நினைக்கின்றது, மன்னாரை நினைப்பாரில்லை. 1905 ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்திற்கு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபா வருமானம். அள்ளிய சிப்பியில் மூன்றிலிரு பங்கு அரசாங்கத்திற்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. அக்காலத்து நீதி அது! மறு ஆண்டே பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பெனிக்குக் குத்தகையாகப் போயின. 1907 உடன் பார்கள் வெறுமையாயின. சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. அதன்பின் தோபா என்னும் யப்பானியக் கடற்கரை ஊரில் மிகிமோட்டோ கொக்கிச்சி 1893 இல் தொடங்கி வைத்த வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பியது. இவ்வளவும் பலர் அறிந்த கதை. நாம் சொல்ல வந்தது வேறு.

முத்தைப் பண்ணையில் விளைவித்த அதே தோபாவில், மூச்சடக்கிக் குளிக்கும் மனிதர் மறைந்துவிடவில்லை. 'அமா' எனப்படும் அப்பெண்கள் ஒருகாலத்தில் மிகிமோட்டோவின் சிப்பிகளையும் எடுத்துக் கொடுத்தவர்கள். முத்துப் பண்ணைக்கு அவர்கள் தேவைப்படாத இந்நாளிலும் அபலோனி என்னும் விலையுயர்ந்த சிப்பியையும் கடற்பாசியையும் தேடி ஆழத்திற் குதிக்கின்றனர். தலைத்துணியிலே ஊதா நூலால் ஒரு விண்மீனும் ஒரு வலைக்கட்டமும் தைத்திருப்பார்கள். கடலின் தீங்கு அணுகாதிருக்கவாம்.

மன்னார் வாசகர் இதைக் கேட்டு நகைக்க மாட்டார். எமது சலாபத்திலும் சுறாவின் வாயைக் கட்டக் கடல்கட்டி வந்து மந்திரம் ஓதாமல் குளியாள் நீரில் இறங்கியதில்லை. அதை மூடநம்பிக்கை என்று இகழ்ந்த வெள்ளைத் துரைமாரே, வேறு வழியின்றி அவருக்குச் சம்பளமும் கொடுத்தனர். தோபாவின் விண்மீன் இன்றும் தலைத்துணியில் இருக்கின்றது. கடல்கட்டி எங்கே?

யப்பானியர் மட்டும் எவ்வாறு காத்தனர்? 1949 இல் ஹோரியூஜி ஆலயத்தின் பழஞ் சுவரோவியங்கள் தீயில் அழிந்தன. அந்த அதிர்ச்சியில் 1950 இல் ஒரு சட்டம் செய்தார்கள். கட்டடத்தையும் சிலையையும் மட்டுமன்றி, மனிதரின் கைத்திறனையும் கலைத்திறனையும் நாட்டின் சொத்தென்று அது ஏற்றது. தோபா, சிமா பகுதி அமாக்களின் குளிக்கும் முறை 2017 இல் அத்தகைய தேசியச் சொத்தாகக் குறிக்கப்பட்டது.

ஆயினும் சட்டத்தைவிட எம்மைக் கவர்வது அக்கரையின் ஊர்க் கட்டுப்பாடே. காற்றுக் குழாயுடன் குளிக்கலாகாது. 10.6 சென்ரிமீற்றருக்குக் குறைந்த அபலோனியை மீண்டும் கடலில் விட்டுவிட வேண்டும். குளிக்கும் நாளுக்கும் நேரத்திற்கும் வரையறை உண்டு. பழைய முறை என்பதற்காக அல்ல, கடல் வற்றாதிருக்க அதுவே ஏற்ற முறை என்பதற்காக அதைப் பிடித்து நிற்கின்றனர். கரையிலே அவர்களுக்கு ஒரு கொட்டில் உண்டு. நடுவில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்வதும், சுட்டுத் தின்பதும், ஊர்வம்பு பேசுவதும் அங்கேதான். இளையவள் தொழில் கற்பதும் அங்கேதான்.

யப்பானைப் புகழ்ந்து பாட நாம் வரவில்லை. ஆயிரக்கணக்கில் இருந்த அப்பகுதி அமாக்கள் இன்று ஆயிரத்திற்கும் குறைவு; பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். உல்லாசப் பயணிகளுக்காகக் குளித்துக் காட்டும் வேடிக்கையும் அங்கு உண்டு. ஆனால் தேய்கின்றது என்பதை அவர்கள் அறிந்து தடுக்க முயல்கின்றனர். எமக்குத் தேய்ந்ததே தெரியவில்லை!

எமது கொட்டில் எங்கே நிற்கும்? சலாபக் கரையாம் முசலியின் முஸ்லிம் மக்கள் 1990 இல் விடுதலைப் புலிகளால் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டனர். முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் 2007 இல் இடம்பெயர்ந்தனர். அவர்கள் ஊரிலே கடற்படை முகாமிட்டது. 2017 இல் வீதியிலிருந்து போராடிய பின்னரே ஒரு பகுதி நிலத்தை விட இணங்கினார்கள். கரையில் மனிதனை இருக்கவிடாது, கரையின் பண்பாட்டைக் காக்கிறோம் என்று விழா எடுப்பதிற் பொருளென்ன? கடலடியையே வாரும் இழுவைமடிக்கு 2017 இல் சட்டம் தடை விதித்தது. எந்நாட்டுப் படகாயினும் அத்தடை கடலிலும் செல்ல வேண்டும். ஏட்டில் மட்டும் போதாது.

அரிப்பிலே, சலாபத்தைப் பார்வையிடவென்று தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகை, அலை அரித்துக் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கின்றது. அதற்கு ஓர் அணை கேட்கிறோம். அதனினும் முதலாக, பார்களின் பெயரையும், சோளகம், கச்சான், வாடைக் காற்றுகளின் குணத்தையும், நீரோட்டத்தையும் அறிந்த முதிய கடலோடிகளிடம் மாகாணக் கல்வி அமைச்சு ஆளனுப்பிக் கேட்டு எழுதுவிக்க வேண்டும். எழுதியதை மன்னார் மாவட்டப் பாடசாலைகளிற் பாடமாக வைக்க வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. சில குறிப்பேடுகளும், கரைக்குப் போகச் சில ஆசிரியர்களும் போதும்.