சோதனையைச் சொல்வதா, மறைப்பதா?

அமெரிக்காவில் பொது அறுவைச் சிகிச்சையில் ஐந்தாண்டுப் பயிற்சியை நிறைவு செய்யும் இளம் மருத்துவர், குழந்தைகள் அறுவை, இரத்தநாள அறுவை போன்ற தனித்துறைகளில் மேற்பயிற்சி பெற வேண்டுமாயின், நேர்காணல் ஒன்றைக் கடந்தாக வேண்டும். அங்கே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: “பயிற்சிக் காலத்தில் நீங்கள் சந்தித்த பெரிய இடர்ப்பாடு எது?”

நம் உறவுக்காரப் பெண் ஒருவர் இக்கேள்விக்கு விடை தேடி நம்மிடம் வந்தார். பயிற்சியின் மூன்றாம் ஆண்டில் அவருடைய வாப்பா வஃபாத்தானார். விமானம் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. திரும்பிச் சென்றவருக்கு உறக்கமில்லை. ஜனவரியில் நடக்கும் ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. பின்னர் ஆறு வாரம் விடுப்பெடுத்து, மருத்துவ உதவி பெற்று, மீண்டும் பணியில் சேர்ந்தார். “மாமா, இதைச் சொன்னால் பலவீனமானவள் என்று ஒதுக்கிவிடுவார்களா? சொல்லாமல் விட்டால் அது பொய்யாகுமா?” என்பதே அவருடைய கேள்வி.

நம் கருத்து இதுதான்: ஏட்டில் தடம் பதித்துவிட்டதை மறைக்கக் கூடாது, மற்றதைக் கடைவிரிக்கவும் தேவையில்லை.

விண்ணப்பப் படிவமே பயிற்சியில் இடைவெளி ஏற்பட்டதா என்று கேட்கிறது. சரிந்த மதிப்பெண்ணும் தேர்வாளர் கண்முன் இருக்கிறது. இந்நிலையில் “அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை” என்று மழுப்பினால், அந்த வெற்றிடத்தை அவர்கள் தம் ஊகத்தால் நிரப்பிக்கொள்வார்கள். அந்த ஊகம் உண்மையைவிடக் கொடியதாகவே இருக்கும்.

அதே வேளையில், நேர்காணல் அறை சிகிச்சை அறையன்று. என்ன நோய், என்ன மருந்து என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே உரியவை. 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், வேலை தர முன்வருவதற்கு முன்பே உடல், மனக் குறைபாடுகளைப் பற்றி வினவுவதைத் தடுக்கிறது. கேட்கக் கூடாததை நாமாக முன்வந்து கொட்ட வேண்டியதில்லை.

ஆகவே அவரிடம் இப்படிச் சொல்லச் சொன்னோம்: “மூன்றாம் ஆண்டில் என் தந்தை காலமானார். அதன் பாதிப்பு என் தேர்வில் தெரிந்தது. நானே துறைத் தலைவரை அணுகி விடுப்புக் கேட்டேன். திரும்பி வந்தபின் வாரந்தோறும் படிப்புக்கு நேரம் ஒதுக்கினேன். மறு ஆண்டு மதிப்பெண் உயர்ந்தது. இப்போது களைப்பு என் தீர்ப்பைத் தொடுமுன்பே உதவி கேட்கிறேன்.” இவ்வளவே போதும். இதில் கண்ணீருக்கான வேண்டுதலும் இல்லை, வீரப்பறையும் இல்லை.

கடைசி வாக்கியமே இதில் உயிர்நாடி. அறுவை அரங்கில் தன் எல்லையை உணர்ந்து மூத்தவரை அழைக்கத் தெரியாத கை ஆபத்தான கை. தேர்வாளர் தேடுவது துன்பமே படாத மனிதரை அல்ல. துன்பத்தில் சரியான நேரத்தில் வாய்திறக்கக்கூடியவரை.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. சிறையிலிருந்து அரசர் அழைத்தபோது, தம்மீதான பழி முதலில் விசாரிக்கப்பட வேண்டும் என்றார்கள். அதன் பின்னரே அரசர் முன்னிலையில் தம் தகுதியை எடுத்துரைத்தார்கள். பிற்காலத்தில் குடும்பத்தார் ஒன்றுகூடியபோதோ, இறைவன் சிறையிலிருந்து விடுவித்ததைச் சொன்னார்கள். சகோதரர்கள் தள்ளிய கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. அவர்களை நாணச் செய்யாதிருக்கவே அவ்வாறு செய்தார்கள் என்பர் விரிவுரையாளர்கள். பழைய மருத்துவமனையின் கடுமையையும், ஏசிய மூத்த மருத்துவரையும் நேர்காணலில் இழுக்க நினைப்போருக்கு இதில் பாடம் உண்டு.

எனினும், பொறுப்பு முழுவதும் இளையவர் தலையில் மட்டும் விழுவது நீதியாகாது. பயிற்சி மருத்துவரின் பணி வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதென்ற விதி 2003இல்தான் நாடு முழுவதற்கும் வந்தது. வரம்பே எண்பது என்றால் சுமையை எண்ணிப் பாருங்கள். நியூயார்க்கின் அவசரச் சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உளநல உதவி பெற்றது தெரிந்தால் தொழில் பறிபோகும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் கூறினர். மருத்துவப் பணியாளரின் மனநலத்தைக் காக்க 2022இல் அவர் பெயராலேயே சட்டம் இயற்றப்பட்டது. தேர்வாளர் நாற்காலியில் அமரும் நம் சமூகத்து மூத்த மருத்துவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். உண்மை சொன்னவரைத் தண்டித்தால், அடுத்து வருபவர் பொய் சொல்லவே கற்றுக்கொள்வார்.

நம் வீடுகளுக்கும் இதில் பங்குண்டு. தொலைபேசியில் பிள்ளையின் குரல் தளர்ந்தால், “சபுர் செய், வெளியே சொல்லாதே” என்றே பழகிவிட்டோம். சபுர் என்பது வாய்மூடிக் கிடப்பதன்று. யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையையே மேற்கொண்டார்கள். ஆயினும் கண் ஒளி மங்கும்வரை மகனுக்காக வருந்தினார்கள், தம் துயரத்தை இறைவனிடம் முறையிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் நேர்காணல் முடிந்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை. அன்றிரவு அழைத்து, “வாப்பாவைப் பற்றிச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை மாமா” என்றார். வல்ல இறைவன் அவருக்கும், அவரைப் போன்ற பிள்ளைகளுக்கும் நலமானதையே நாடுவானாக.