வெள்ளைக் கோட்டு மட்டுமா வைத்தியம்?

கல்லூரிகளில் புது மாணவர்கள் சேரும் சமயமும் குற்றாலத்தில் சாரல் விழும் சமயமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. தென்காசி வட்டாரம் முழுவதும் குளிர்ந்து கிடக்கும் அந்த நாட்களில் சில வீடுகளில் மட்டும் புழுக்கம் தணிவதில்லை. "நம் பிள்ளைக்கு டாக்டர் சீட்டு கிடைக்கவில்லையே" என்ற புழுக்கம்தான் அது. பிள்ளை பி.எஸ்ஸி. விலங்கியலிலோ வேதியியலிலோ சேர்ந்திருப்பான். சேர்ந்தும் சேராதவனாய் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். மறுபடி நீட் எழுதுவதா வேண்டாமா என்ற விவாதம் வருஷம் முழுவதும் வீட்டில் நடந்துகொண்டே இருக்கும்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நீட் எழுதியவர்கள் சுமார் 22 லட்சம் பேர். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் விருதுநகர் இருந்தது, ராமநாதபுரம் இருந்தது, 2019-இல் தனி மாவட்டமான தென்காசி இல்லை. நமக்கும் ஒரு கல்லூரி வேண்டுமென்று கேட்பது நியாயமே. ஆனால் அது வந்தாலும் அதில் நூறு அல்லது நூற்றைம்பது பேருக்குத்தான் இடம். மற்றப் பிள்ளைகளெல்லாம் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

வைத்தியம் என்றால் டாக்டர், டாக்டர் ஆகாவிட்டால் ஒன்றுமில்லை என்று நம்மவர்கள் போட்டு வைத்திருப்பது தப்புக் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ள வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. தென்காசியில் பஸ் ஏறினால் அரை மணிக்குள் வரும் ஆய்க்குடியே போதும்.

ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் டாக்டருக்குப் படித்தவரல்லர். 1975-இல் அவர் பொறியியல் கல்லூரியின் நான்காம் ஆண்டு மாணவர். கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனவர், உடல்திறச் சோதனையின்போது விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. தமக்குச் சிகிச்சை செய்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சூட்டி, 1981-இல் இந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத் திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய ஆண்டும் அதுவே. பிற்பாடு, தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்ட ஆடிட்டர் எஸ். சங்கரராமன் அவரோடு வந்து சேர்ந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒருவர் பொறியியல் மாணவர், மற்றவர் கணக்குப் பார்ப்பவர். இவர்கள் இருவரும் சேர்ந்து வளர்த்த சங்கம் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குழந்தைகளை நடக்க வைத்திருக்கிறது.

அங்கே நடக்கும் வேலையைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். நோய் இன்னதென்று டாக்டர் சொல்லிவிடுவார். வலிப்பு வந்தால் மருந்தும் எழுதிக் கொடுப்பார். அதற்குப் பிறகு? அந்தக் குழந்தையின் கால் தசைகள் விறைத்துக்கொண்டே போகும். நாள்தோறும் நீட்டி மடக்கிப் பழக்காவிட்டால் மூட்டுகள் மடங்கியபடியே இறுகிவிடும். அதைத் தடுப்பவர் பிசியோதெரபிஸ்ட் என்ற இயன்முறைச் சிகிச்சையாளர். கரண்டியைப் பிடிக்கவும் சட்டைப் பித்தானைப் போடவும் கற்றுக்கொடுப்பவர் செயல்முறைச் சிகிச்சையாளர். பேச்சுக்கு ஒருவர், காலுக்கேற்ற தாங்கு கருவியைச் செய்து பொருத்த ஒருவர், படிப்புச் சொல்லிக்கொடுக்கச் சிறப்பாசிரியர் ஒருவர் வேண்டும். குழந்தையின் மூளை வளைந்துகொடுக்கும் காலம் முதல் சில வருஷங்களே. அந்த வருஷங்களில் இவர்கள் கை கிட்டியதா இல்லையா என்பதுதான், அந்தப் பிள்ளை நாளைக்குத் தானே சாப்பிடுமா, அம்மாவின் கையை எதிர்பார்த்தே கிடக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இதற்காகவே சங்கம் கிராமத்துப் பெண்களைப் பழக்கி, சிகிச்சையாளர்களின் மேற்பார்வையில் வீடு வீடாக அனுப்புகிறது.

பிசியோதெரபி என்றால் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலைதானே என்று கேட்கிறவர்கள் குற்றாலத்திலேயே உண்டு! எண்ணெய்க் குளியல் சுகமானதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் பக்கவாதம் வந்து விழுந்தவரைச் சுகம் மட்டும் எழுப்பி உட்கார வைக்காது. உடற்கூறும் நரம்பின் போக்கும் நான்கைந்து வருஷம் படித்தவர் வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியபோது, மாத்திரையோடு பிசியோதெரபிஸ்ட்டையும், முற்றிய நோயாளிகளைப் பராமரிக்கும் நர்ஸையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ததன் காரணம் இதுதான்.

நர்ஸ் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் மலையாள நாடு. அங்கே மகள் நர்ஸாக இருக்கிறாள் என்று தலை நிமிர்ந்து சொல்லும் தகப்பன்மார் ஏராளம். உலகத்து ஆஸ்பத்திரிகளிலெல்லாம் அந்தப் பெண்களைக் காணலாம். கணவாய்க்கு இந்தப் பக்கம் நாமோ, "இரவு டியூட்டி இருக்குமே, கல்யாணத்துக்குத் தடையாகுமே" என்று தயங்குகிறோம். தண்டுவடம் அடிபட்டவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வரும்; புண் புரையோடினால் உயிருக்கே ஆபத்து. அந்த இரவு டியூட்டியில் ஓர் உயிர் நிற்கிறது என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே பி.ஏ., பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கதவு சாத்திவிடவில்லை. பட்டம் வாங்கிய பின் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கலாம். உளவியல் படித்தவர்கள் மனநலச் சிகிச்சைப் பக்கம் போகலாம். சமூகப் பணியில் முதுகலை படித்தவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் வேலை உண்டு. 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து வருபவர்களில் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் பட்டதாரிகள் பலர். அவர்களைச் சேர்த்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

ஆனால் எதிலும் சேருமுன் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். நம் மாணவர்கள் செய்யத் தவறுவது இதைத்தான். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்காமல் பெண் கொடுக்காத நாம், ஒரு தொழிலைக் கண்ணால் பார்க்காமலே அதற்கு முப்பது வருஷத்தைத் தாரை வார்த்துவிடுகிறோம். ரத்தத்தையும் சீழையும் கண்டால் மயக்கம் வருமா, ஒரே பயிற்சியை நூறு நாள் செய்தும் விரல் அசையாத நோயாளியிடம் நூற்றொன்றாம் நாள் சிரித்த முகத்தோடு போக முடியுமா என்பதெல்லாம் விளம்பரக் கையேட்டில் இருக்காது. ஒரு வாரம் அந்தக் கூடத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். பார்த்துவிட்டு, "இது நமக்கு ஒத்துவராது" என்று திரும்பி வருவதிலும் நஷ்டமில்லை. பெற்றோருக்குச் சில லட்சங்கள் மிச்சம்.

லட்சம் என்றதும் இன்னொன்று. பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு போர்டு, ஒரு வருஷத்தில் சான்றிதழ், உடனே வேலை என்று ஆசை காட்டும் இடங்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நர்ஸிங், பிசியோதெரபி போன்ற பட்டப் படிப்பானால், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றோடு இணைந்திருக்கிறதா? படித்து முடித்தால் உரிய கவுன்சிலில் பெயரைப் பதிய முடியுமா? சிறப்புக் கல்வி போன்றவற்றுக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் இருக்கிறது. பிசியோதெரபி, ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே போன்ற துறைகளுக்கு 2021-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. சேர்க்கை விதிகளும் நுழைவுத் தேர்வு விதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. அண்ணன் சேர்ந்த வருஷத்து விவரத்தை நம்பித் தம்பி ஏமாறக் கூடாது. அந்தந்த வருஷத்து அரசுக் குறிப்பேட்டை வாங்கிப் படிக்கட்டும்.

போய்ப் பார்ப்பதற்கு நேரம் ஏது என்பார்கள். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. அதில் சேரும் மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். போதாக்குறைக்கு ஏழு நாள் முகாம் வேறு. இந்த மணிகளில் கணிசமான பங்கு கல்லூரி வளாகத்தில் முள்செடி வெட்டுவதில் போய்விடுகிறது. முள்செடி வெட்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஒரு முப்பது மணியை ஆய்க்குடிக்கும், தென்காசி அரசு ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவுக்கும் ஒதுக்கினால் என்ன? சக்கர நாற்காலி தள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குச் சீட்டைப் படித்துச் சொல்லலாம். எந்த அறைக்குப் போவதென்று வழி காட்டலாம்.

இன்னொரு பத்து மணி முதலுதவிக்கு. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனதை இந்த வட்டாரம் மறந்திருக்காது. வெள்ளம் இல்லாத நாளிலும் அருவிப் பாறை வழுக்கும். வழுக்கி விழுந்தவரை நாலு பேர் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைப்பார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு இழுப்பிலேயே தண்டுவடம் அறுந்து ஆயுள் முழுவதும் படுக்கையாகிவிடக்கூடும். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குச் சொல்லிக் காத்திருக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

குற்றாலத்திலேயே, அருவிகளுக்குப் பக்கத்தில், 1964-இல் தொடங்கிய பராசக்தி பெண்கள் கல்லூரி இருக்கிறது. தென்காசியைச் சுற்றிலும் மற்றக் கல்லூரிகள் இருக்கின்றன. அடுத்த சீசனுக்கு முன் இந்தக் கல்லூரி முதல்வர்களும் அரசு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரும் ஆய்க்குடிச் சங்கத்தாரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எந்தக் கிழமையில் எத்தனை மாணவர்கள் வரலாம் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை; மாணவர்களின் பஸ் சார்ஜ் மட்டும்தான்.