டிஎன்-43: நம்பர் தெரியலைன்னா நஷ்டம் யாருக்கு?

நம்பர் பிளேட் பத்தி ஒரு டாக்டருக்கு என்ன பேச்சுன்னு கேட்பீங்க. கேஷுவாலிட்டியில் விபத்துப் பதிவேடு எழுதுறவன் நான், அதான் பேசுறேன். நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

கோத்தகிரி ரோடு, மிஸ்ட்டு இறங்கின ஒரு சாயங்காலம். கொழுந்தை எடை போட்டுட்டு லைன் வீட்டுக்கு நடந்த ஒரு அம்மாவை ஒரு வண்டி இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. தொடை எலும்பு முறிவு.

கூட வந்த மருமககிட்ட கேட்டேன், "நம்பர் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் சார். எழுத்தெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு பூ மாதிரி இருந்துச்சு, படிக்க முடியல."

'அடையாளம் தெரியாத வாகனம்'னு எழுதினேன்.

அந்த மூணு வார்த்தைக்கு விலை இருக்கு. வண்டி தெரிஞ்சா இன்சூரன்ஸ் கம்பெனி கட்டணும். வயசு, சம்பளம், ஊனம் பார்த்து தீர்ப்பாயம் கணக்குப் போடும், உச்சவரம்பு கிடையாது. தெரியலைன்னா பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனா 2 லட்சம். அவ்வளவுதான். அதுவும் 2022 ஏப்ரலுக்கு முன்னாடி 12,500, 25,000.

ஸ்டைல், ரசனைன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் பார்த்துட்டுப் பேசுங்க.

1989-ல் புது மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தப்போதான் மாநில எழுத்து, ஆபீஸ் எண், வரிசை எழுத்து, நாலு இலக்கம்னு நாடு முழுக்க ஒரே அமைப்பு வந்துச்சு. ஊட்டிக்கு 43. காருக்கு எழுத்து 65 மி.மீ. உயரம், 10 மி.மீ. தடிமன், 10 மி.மீ. இடைவெளி. ராத்திரியில் பின் நம்பர் 15 மீட்டர் தூரத்துக்குத் தெரியுற மாதிரி வெள்ளை விளக்கு. சட்டம் சமவெளிக்கும் சேர்த்துதான் எழுதினது. நம்ம மலைக்கு அதுவே பத்தாது. மிஸ்ட்டுல 15 மீட்டர்ங்கிறது ஆடம்பரம்.

2019 ஏப்ரல் முதல் வர்ற புது வண்டிக்கு ஒளி திருப்புற பிளேட், சக்கர ஹாலோகிராம், கழட்ட முடியாத லாக். நல்ல ஏற்பாடு. அது மேலயும் கறுப்பு அக்ரிலிக் மாட்டுறான் நம்மாளு. 8055-ஐ வளைச்சு 'பாஸ்' ஆக்குறான்.

2024 மே 7-ல் இ-பாஸ் வந்துச்சு, டிஎன்-43-க்கு விலக்கு. அன்னியில இருந்து அந்த 43 ஒரு சாதிச் சான்றிதழ் மாதிரி ஆயிடுச்சு. 43 பெருசா மின்னும், மீதி நாலு இலக்கம் சேத்துக்குள்ள. லோக்கல்னு பெருமை பேசுறீங்களே, ரோட்டோரம் நடக்கிற அந்த அம்மா எந்த ஊராம்?

இப்போ என் ஜாதியைப் பத்தி, அதாவது டாக்டர்களைப் பத்தி. 2024 மேயில் சென்னை போலீஸ் நம்பர் பிளேட் ஸ்டிக்கரை எல்லாம் எடுக்கச் சொன்னப்போ, விலக்கு கேட்டு ஐகோர்ட் படியேறினதுல நம்ம டாக்டர் சங்கமும் உண்டு. வெட்கமா இருந்துச்சு. வெள்ளையில் சிவப்புச் சிலுவை டாக்டர் சின்னமே இல்லைங்க. அது செஞ்சிலுவைக்கும் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் உரியது, 1960 சட்டப்படி மத்தவங்க போடக்கூடாது. அவசரக் கேஸ்னா ஸ்டிக்கர் என்ன ரத்தமா ஏத்தப் போகுது?

கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. கல்லாறுல இ-பாஸுக்காக எப்படியும் வண்டியை நிறுத்தி நம்பர் பார்க்கிறீங்க. படிக்க முடியாத பிளேட்டை அங்கயே கழட்டச் சொல்லுங்க, டிஎன்-43 ஆனாலும்.

என் வண்டி ஸ்டிக்கரைப் போன வாரம் உரிச்சேன். பசை இன்னும் போகல, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுட்டு இருக்கேன்.