மாஸ்டர் பெயர் என்ன?

"அண்ணாச்சி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தந்துட்டாங்க. ஒங்க பிள்ளை ஃபாரம் மட்டுந்தான் பாக்கி." மூன்றாவது தடவையாக போன் வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் என் பன்னிரண்டு வயது மகள் போகும் கோடைப் பயிற்சி முகாமிலிருந்து. அந்த ஃபாரம் நாலு நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. தினமும் எடுத்துப் படிக்கிறேன். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது, மடித்து வைத்துவிடுகிறேன்.

அரைத்தாள் ஜெராக்ஸ். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, படிக்கும் பள்ளி, இரத்த வகை, ஆதார் எண், அப்பா வேலை, அம்மா வேலை, போன் நம்பர், ஏதாவது நோய் உண்டா, போட்டோ இரண்டு. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் நாலு வரி: பயிற்சியின்போதோ வெளியே அழைத்துச் செல்லும்போதோ என் பிள்ளைக்கு என்ன நேர்ந்தாலும் நிர்வாகம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். பிறகு பெற்றோர் கையொப்பம். என் பிள்ளையைப் பற்றி இத்தனை கேட்கிறார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போகிறவரைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல் கிடையாது. மாஸ்டர் பெயர் என்ன? இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தார்? ஏன் விட்டார்? போலீசில் விசாரித்தீர்களா? நாற்பது பிள்ளைகளுக்கு எத்தனை பெரியவர்கள்? ஒரு பிள்ளை வந்து அழுதால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்?

கடைசி நாள் குறுக்குத்துறைக்குக் கூட்டிப் போய் ஆற்றில் குளிக்க விடுவார்களாம். நேரில் போய்க் கேட்டேன். மாஸ்டருக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். நல்ல பையன். பிள்ளைகளுக்கு அவனை ரொம்பப் பிடித்திருக்கிறது.

"ஆத்துக்கு யார் யாரு தம்பி போறீங்க?"

"நானும் இன்னொரு பையனும் அண்ணாச்சி. அவன் எனக்கு ஒத்தாசைக்கு."

"அவருக்கு என்ன வயசு?"

"ப்ளஸ் டூ எழுதிருக்கான். ரிசல்ட்டுக்குத்தான் பாத்துட்டு இருக்கான்."

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பெரிய ஆள். அவனுக்குத் துணைக்கு இன்னொரு பிள்ளை. பெண் பிள்ளைகள் உடை மாற்ற எங்கே போவார்கள் என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆபீஸ்ல ஒரு அக்காவ அனுப்பச் சொல்லிருக்கேன், இன்னும் பதில் வரல" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவனைத் தனியாக நிற்க வைத்தவர்கள்மேல்தான் வந்தது.

ஆற்றைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தாமிரபரணி நமக்குச் சோறு போடுகிற தாய்தான். ஆனால் கோடையில் கரண்டைக்கால் அளவு ஓடுகிற இடத்துக்குப் பத்தடி தள்ளி ஆள் முங்குகிற கசம் கிடக்கும். மணல் அள்ளி அள்ளி வந்த குழிகள் வேறு. கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடி மணல் அள்ளத் தடை வாங்கினார். அதற்கு முன்னால் தோண்டியதை யார் மூடினார்கள்? மேலே பாபநாசம் அணையில் தண்ணீரைக் கூடத் திறந்துவிட்டால் கீழே மட்டம் ஏறும். கரையில் நிற்கிறவனுக்குத் துறை தெரிந்திருக்க வேண்டும். கயிறு வேண்டும். முங்கின பிள்ளையைத் தூக்கிப் போட்டால் முதலில் என்ன செய்யவேண்டும் என்று படித்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் விடுமுறை நாட்களில் இந்த ஆற்றில் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரும், அடுத்த மே மாதம் அதே துறையில் அதே கூட்டம்.

ஆறு என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத ஆபத்தை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போகிறது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை அதற்குள் எப்படி மறந்தோம்? பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் 5-ஆம் தேதியிலிருந்து 9-ஆம் தேதிவரை என்.சி.சி. முகாம் என்று ஒன்று நடந்தது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. என்.சி.சி. என்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருப்பது. இப்படி ஒரு முகாம் உண்டா என்று அவர்களிடம் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே வண்டவாளம் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. உடுப்புப் போட்டு வந்தவனை அப்படியே நம்பினார்கள். 17 மாணவிகள் பள்ளிக் கலையரங்கில் இரவு தங்கினார்கள். காவலுக்கு ஓர் ஆசிரியைகூட இல்லை. 13 வயதுப் பிள்ளைக்கு அங்கே கொடுமை நடந்தது. அந்தப் பிள்ளை பள்ளி நிர்வாகத்திடம் வந்து சொல்லவும் செய்தது. பெரிசுபடுத்தாதே என்று சொல்லி அனுப்பினார்கள். தாய்க்குத் தெரிந்து போலீசுக்குப் போன பிறகுதான் முதல்வர், தாளாளர் உட்படப் பலர் கைதானார்கள். வேறு பள்ளிகளிலும் இதே மாதிரி போலி முகாம்கள் நடந்தது அப்புறம் வெளியே வந்தது. முக்கியக் குற்றவாளி என்று பிடிபட்டவன் அதே மாதம் 23-ஆம் தேதி செத்துப்போனான்.

அந்தப் பிள்ளை சொன்ன அன்றைக்கே ஒரே ஒரு பெரிய ஆள் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டிருந்தால்!

சட்டம் இல்லாமல் இல்லை. போக்சோ சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது. அதன் 2020-ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் என்று பிள்ளைகளோடு தொடர்ந்து புழங்குகிற எந்த நிறுவனமும் அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்பு செய்தாக வேண்டும். நிரந்தர ஆளோ ஒப்பந்த ஆளோ, பாடம் நடத்துகிறவரோ கூட்டிப் பெருக்குகிறவரோ, எல்லாரும் அதில் அடக்கம். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி அவர்களுக்குப் பயிற்சியும் தர வேண்டும். பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியல் ஒன்று 2018-இல் தொடங்கப்பட்டது. ஆனால் அதைப் பார்க்கப் போலீசுக்குத்தான் உரிமை. நானோ நீங்களோ வீட்டிலிருந்து தேடிப் பார்க்க முடியாது. முகாம் நடத்துகிறவர் ஸ்டேஷனுக்குப் போனால்தான் உண்டு. நானும் இந்த ஊரில் மகளையும் மகனையும் சிலம்பம், ஸ்கேட்டிங், ஓவியம், அபாகஸ் என்று ஆறேழு இடத்தில் சேர்த்திருக்கிறேன். சரிபார்த்த சான்றைக் கண்ணால் பார்த்த இடம் ஒன்றுகூட இல்லை.

பிரிட்டனில் 2002-இல் சோஹம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இரண்டு பேரைக் கொன்றவன் ஒரு பள்ளியின் பராமரிப்பு ஊழியன். வேறு ஊரில் அவன்மேல் முன்பே புகார்கள் இருந்திருக்கின்றன, அவை வேலை கொடுத்தவர்களுக்கு வந்து சேரவில்லை. அதற்குப் பின் அங்கே விதிகளை இறுக்கிக் கட்டினார்கள். நாம் விதியை எழுதி வைத்துவிட்டுத் தாளை மட்டும் ஜெராக்ஸ் எடுக்கிறோம்.

பக்கத்து வீட்டு மதினி சொல்கிறாள்: "அந்தத் தம்பி நமக்குத் தெரிஞ்ச பையன்தான, அவங்க அம்மாவ எனக்குத் தெரியும்." நான் சிறுவனாக இருந்தபோது மே மாதம் வி.பி.எஸ். என்கிற சர்ச் விடுமுறைப் பள்ளிக்குப் போவோம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் போகலாம். பாட்டுச் சொல்லித் தரும் அக்காக்கள் யார் வீட்டுப் பெண்கள் என்று தெருவுக்கே தெரியும். அந்தக் காலத்து நினைப்பு எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் போக்சோ வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுகிறவர் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு ஆண்டு தவறாமல் காட்டுகிறது. தெரிந்த பையன் என்பதை வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பது?

இதையெல்லாம் கேட்டால் மாஸ்டரைச் சந்தேகப்படுகிறோம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை. இப்படிக் கேட்பது அவனுக்கும்தான் காவல். எந்த நேரத்திலும் பிள்ளைகளோடு இரண்டு பெரியவர்கள் இருந்தால், நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அவனுக்குச் சாட்சி உண்டு. ஒரு பிள்ளை தன் வீட்டிலேயே நடக்கும் கொடுமையை அவனிடம் வந்து சொன்னால் அவன் என்ன செய்வான்? புகார் கொடுக்க வேண்டியது அவன் சட்டப்படியான கடமை. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை, தன் கீழ் வேலை பார்க்கிறவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை. நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தவர்மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த மூன்றையும் அவனிடம் சொன்னேன். ஒன்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. யாரும் சொன்னதில்லையாம்.

நம்ம ஊரில் பிள்ளைகளோடு நிற்பது லேசான வேலையா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். 2025 ஏப்ரல் 15 அன்று இதே பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் வகுப்பில் இன்னொருவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. அந்த அம்மா குறுக்கே விழுந்ததை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் வெறுங்கையோடு அரிவாளுக்குக் குறுக்கே போவதுதான் நாம் அவர்களுக்கு வைத்திருக்கிற ஏற்பாடா? நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பெரிய பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது. பள்ளிகளுக்கே அது பரிந்துரை. கோடை முகாமுக்கும் கோச்சிங் சென்டருக்கும் யார் பேசுவார்கள்? 2024 அக்டோபரில் திருநெல்வேலியில் ஒரு நீட் பயிற்சி மையத்தில் மாணவர்களைப் பிரம்பால் அடித்ததை ஊரே பார்த்தது, கேமராவில் பதிந்திருந்ததால்.

"இவ்வளவு கேட்டா யாருமே பிள்ளைகளுக்கு ஒண்ணும் நடத்த மாட்டாங்க" என்கிறார் முகாம் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அப்பா. இரண்டாவதாக ஒரு பெரியவரை வைக்க ஒரு நாள் கூலி ஆகும். ஸ்டேஷன் சான்றுக்குக் கொஞ்சம் பணம், கொஞ்சம் அலைச்சல். நாற்பது பேரிடம் வாங்கும் கட்டணத்தில் இது முடியாதா?

நேற்று அந்தத் தடித்த எழுத்து நாலு வரியையும் அடித்துவிட்டு, பின்பக்கம் என் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். "அடிச்சுத் திருத்துன ஃபாரம் செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், புது ஜெராக்ஸ் ஒன்றையும் வைத்து. கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் என் கையெழுத்து அவர்களை வழக்கிலிருந்து காப்பாற்றாது என்பதைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குளிக்கப் போட ஒரு டிராயர், துவட்டத் துண்டு, மாற்று உடுப்பு என்று பையில் எடுத்து வைத்துவிட்டாள். நாளைக் காலை ஆறரைக்கு வேன். கையெழுத்துப் போடவில்லை, நானும் கூட வருகிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். "வாங்க அண்ணாச்சி, வாங்க" என்றான், குரலில் அத்தனை ஆறுதல். மதினியையும் கூப்பிட்டிருக்கிறேன், பெண் பிள்ளைகளுக்குத் துணையாக. கிணற்றுக் கயிறு ஒன்று, ஒர்க் ஷாப்பில் கேட்டு வாங்கிக் காற்றடித்த லாரி டியூப் இரண்டு, வாசல் திண்ணையில் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் நாற்பது வீட்டுக்கும் எழுதிப் போட்டேன். இதுவரை ஒருவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.