ஸ்போர்ட்ஸ் டயர் மாட்டப் போறீங்களா? ராஜபாளையம் வெயிலுக்கு எது செட் ஆகும்? விலை முதல் விதி வரை முழு விவரம்!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சமீப காலமாக டயர் கடைகளில் அதிகம் அடிபடும் வார்த்தை 'பெர்ஃபார்மன்ஸ் டயர்'. காருக்கு நல்ல கிரிப் வேண்டும், வெயிலைத் தாங்க வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே டயரில் கிடைக்குமா? எதைப் பார்த்து வாங்குவது? எதைச் சொன்னால் ஏமாறக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

முதல் காரணம், ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயர்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உதாரணத்துக்கு, வரிக்கு முந்தைய விலை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு பில் 6,400 ரூபாய், இப்போது 5,900 ரூபாய். நான்கு டயருக்கு 2,000 ரூபாய் மிச்சம். சாதா டயர் வாங்க வந்தவர்கள் 'ஒரு படி மேல போகலாமே' என்று யோசிப்பது இதனால்தான்.

இரண்டாவது, ரோடு. திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்வது தேசிய நெடுஞ்சாலை 744. இதில் திருமங்கலம் - ராஜபாளையம் இடையே சுமார் 71 கி.மீ. தூரத்தை நான்கு வழிச்சாலையாக்கும் திட்டம் எடுக்கப்பட்டது. ரோடு அகலமானால் வேகம் கூடும். வேகம் கூடினால் டயர் மேல் விழும் சுமையும் கூடும்.

மூன்றாவது, ரேஸ் மோகம். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதன் பிறகு ஸ்விஃப்ட், போலோ, ஐ20 என்-லைன் வைத்திருக்கும் இளைஞர்களிடம் டயர் பற்றிய கேள்விகள் அதிகமாகிவிட்டன.

'சம்மர் டயர்' என்றால் வெயிலுக்கான டயரா?

பலரும் குழம்பும் இடம் இதுதான். ஐரோப்பாவில் பனிக்காலத்துக்கு ஒரு செட், மற்ற நாட்களுக்கு ஒரு செட் என்று டயர் மாற்றுவார்கள். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சம்மர் டயரின் ரப்பர் இறுகி, கிரிப் குறைந்துவிடும். அதனால்தான் இந்தப் பிரிவினை.

நம்ம ஊரில் மார்கழியில்கூட அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே 'சம்மர்' என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையே இல்லை. கவனிக்க வேண்டியது 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற அடுத்த வார்த்தையைத்தான்.

இன்னொரு விஷயம். சம்மர் டயர் என்றால் காய்ந்த ரோட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயர் மழை ரோட்டிலும் சாதா டயரைவிடச் சீக்கிரம் நிற்கும். கத்திரி வெயிலுக்கு முன் டயர் மாற்றும் ராஜபாளையத்துக்காரர், ஜூனில் சீசன் ஆரம்பித்ததும் அதே டயரில்தான் குற்றாலம் போகிறார். அங்கிருந்து ஆரியங்காவு தாண்டினால் வளைவும் மழையும்தான். வெயிலைவிட ஈரத்தில்தான் டயரின் தரம் தெரியும்.

கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கும்? என்ன போகும்?

பெர்ஃபார்மன்ஸ் டயரின் ரப்பர் கொஞ்சம் மென்மையானது. ரோட்டை நன்றாகப் பிடிக்கும். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் வளைவில் கார் ஆடாது. பிரேக் பிடித்தால் சீக்கிரம் நிற்கும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். பக்கச்சுவர் உயரம் குறைவாக இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் அடிபடும், டயரில் புடைப்பு விழும். ரோட்டுச் சத்தமும், சிலவற்றில் பெட்ரோல் செலவும் சற்றுக் கூடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 6,000 ரூபாய் சாதா டயர் 50,000 கி.மீ. ஓடுகிறது, 8,000 ரூபாய் பெர்ஃபார்மன்ஸ் டயர் 30,000 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு டயருக்கும் சேர்த்து கிலோமீட்டருக்கு முதலாவதில் 48 பைசா, இரண்டாவதில் சுமார் 1 ரூபாய் 7 பைசா. கடையில் தெரியும் வித்தியாசம் 2,000 ரூபாய்தான். ஓட்டிப் பார்த்தால் செலவு இரண்டு மடங்குக்கு மேல். 'குறைந்த விலை' என்பதை பில்லை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

வெளிநாட்டு டயர் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் 'கட்டுப்படுத்தப்பட்ட' பட்டியலில் சேர்த்தது. அதாவது, உரிமம் பெற்றுத்தான் இறக்குமதி செய்ய முடியும். இணையத்தில் வெளிநாட்டு விமர்சகர்கள் புகழும் மலிவு விலை மாடல்களில் பல நம்ம ஊர்க் கடைக்கு வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழ்நாடே டயர் தயாரிப்பின் பெரிய மையம். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஜே.கே., சியட், தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் எனப் பல ஆலைகள் இங்கேயே இருக்கின்றன. எம்.ஆர்.எஃப் பெர்ஃபின்ஸா, அப்போலோ ஆஸ்பையர் 4ஜி, சியட் ஸ்போர்ட்டிரைவ் போன்றவை சாதா டயருக்கு மேல் படியில் வைத்து விற்கப்படும் உள்நாட்டு பிராண்டுகளின் வரிசைகள். உங்கள் கார் அளவில் அவை கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு விலை பேசுவது நல்லது.

டயர் மேல் இருக்கும் எழுத்துகளை எப்படிப் படிப்பது?

ஐ20 என்-லைன் காரின் டயர் அளவு 195/55 ஆர்16. இதில் 195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது அங்குலத்தில் ரிம் அளவு.

அடுத்து ஒரு எண்ணும் ஒரு ஆங்கில எழுத்தும் சேர்ந்து வரும். எண் என்பது ஒரு டயர் தாங்கும் எடை. 87 என்றால் 545 கிலோ, 91 என்றால் 615 கிலோ. எழுத்து என்பது வேக வரம்பு:

• டி - மணிக்கு 190 கி.மீ.
• எச் - 210 கி.மீ.
• வி - 240 கி.மீ.
• டபிள்யூ - 270 கி.மீ.
• ஒய் - 300 கி.மீ.

'நான் என்ன 240-லயா போகப் போறேன்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேக வரம்பு என்பது மறைமுகமாக, டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான அளவும்கூட. வேகம் கூடக் கூட டயருக்குள் சூடு ஏறும். அதனால் கார் நிறுவனம் சொன்ன எடை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்கவே கூடாது. மேலே போவது கட்டாயமில்லை. எச் போதும் என்று கம்பெனி சொன்ன காருக்கு ஒய் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு.

சில டயர்களில் 'டெம்பரேச்சர்' என்று எழுதி ஏ, பி, சி என்ற தரம் இருக்கும். சூட்டைத் தாங்குவதில் ஏ தான் சிறந்தது. அருகில் 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் இருக்கும். எண் அதிகமானால் தேய்மானம் மெதுவாக இருக்கும். ஆனால் இந்த எண்ணைத் தயாரிப்பாளரே தருவதால், ஒரு பிராண்டை இன்னொரு பிராண்டோடு ஒப்பிட இது அவ்வளவாக உதவாது. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களை ஒப்பிடப் பயன்படும்.

கடைசி 4 இலக்கம் முக்கியம்!

டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 'ஆஃபர்ல தர்றோம்' என்று சொல்லும் டயர் பல வருடம் கிடங்கில் கிடந்ததா என்பதை இந்த இலக்கமே காட்டிக் கொடுத்துவிடும். ஓடாமல் இருந்தாலும் ரப்பர் மெல்ல இறுகிப்போகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அவசியம் இருக்க வேண்டும்.

இதோடு, ஈரச் சாலைப் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் இழுவை, சத்தம் ஆகியவற்றுக்கான தர விதிகளை 2022-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் புதிய டயர் டிசைன்களுக்கு அவை பொருந்தும். பழைய ஸ்டாக்கைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

பெரிய வீல் மாட்டினால் கெத்தா, சிக்கலா?

ஸ்விஃப்ட் காரின் 185/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ. அதை 195/55 ஆர்16 ஆக மாற்றினாலும் உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டாது. ஆனால் பக்கச்சுவர் 120 மி.மீ.-லிருந்து 107 மி.மீ. ஆகக் குறையும். பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த மெத்தையில் 13 மி.மீ. போய்விடுகிறது. ஊருக்குள்ளும் வேலை நடக்கும் ரோட்டிலும் ஓடும் காருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

மொத்த உயரம் ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு மேல் மாறினால் வேகமும் கிலோமீட்டர் கணக்கும் தவறும். டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்பது, மட்கார்டில் உரசுவது எல்லாம் ஆபத்து. கார் நிறுவனத்தின் வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அந்த காரின் வேறொரு வேரியன்டில் கம்பெனியே கொடுத்த அளவு என்றால் சிக்கல் குறைவு.

டயர் வெடிப்பது வெயிலாலா?

வெயில் மட்டுமே காரணம் இல்லை. பெரும்பாலும் குறைந்த காற்று, அதிக பாரம், அதிக வேகம் மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அதில் சூடு ஏறும். உள்ளே இருக்கும் கம்பி, நூல் அடுக்குகள் ரப்பரை விட்டுப் பிரியும். ஏற்கெனவே கொதிக்கும் மே மாதத் தார்ச்சாலை அந்தச் சூட்டை வெளியேற விடாது.

அதனால் 'வெயில் காலம், காத்தைக் கொஞ்சம் குறைச்சே வைங்க' என்ற பழைய அறிவுரை தப்பானது. வெப்பநிலை ஐந்தரை டிகிரி கூடினால் டயர் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும். கார் நிறுவனம் சொல்லும் அளவு இதையும் கணக்கில் எடுத்துத்தான் சொல்லப்படுகிறது. காலையில், வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது, டிரைவர் பக்கக் கதவின் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும். மதியம் ஓடிவந்து பார்த்துவிட்டு 'ஜாஸ்தியா இருக்கு' என்று இறக்கிவிடக் கூடாது.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜன் அடித்தால் காற்று இறங்குவது கொஞ்சம் மெதுவாகும், ஈரப்பதம் குறையும். ஆனால் அதற்காக மாதாமாதம் செக் பண்ணாமல் விட்டுவிட முடியாது.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கலாமா?

'பட்டன் நல்லா இருக்கு' என்று காட்டுவார்கள். பட்டன் இருந்தும் உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. கார் டயருக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பட்டன் ஆழம் இருக்க வேண்டும். மழைக்கு அது போதுமானதாக இருக்காது என்பதால் 3 மி.மீ. வந்ததுமே மாற்றத் திட்டமிடுவது நல்லது. பழைய பெர்ஃபார்மன்ஸ் டயரைவிட, புதிய சாதா டயர் எவ்வளவோ மேல்.

நான்கும் வாங்கக் காசு இல்லை, இரண்டுதான் முடியும் என்றால்? முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் புது டயரைப் பின்னால் மாட்டுவதே பாதுகாப்பு. ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிக் கொண்டுவருவது சாதாரண டிரைவரால் முடியாத காரியம்.

அப்போ யாருக்கு எது?

• வாரம் ஒருமுறை மதுரை, மற்றபடி ஊருக்குள் ஓட்டம் என்றால், கம்பெனி சொன்ன அளவில், புது தேதியில் நல்ல சாதா டயரே போதும்.
• அடிக்கடி நெடுஞ்சாலையும் மலைப்பாதையும் ஓட்டுபவர், கார் எஞ்சினிலும் கொஞ்சம் வேகம் இருக்கிறது என்றால், அதே அளவில் உள்நாட்டு பிராண்டின் மேல்படி டயர்.
• டிராக்கில் ஓட்டும் ஆசை என்றால் அதற்குத் தனி செட். டிராக் டயர் சூடேறினால்தான் பிடிக்கும், தினசரி ஓட்டத்துக்கு அது சரிப்படாது.

எந்த டயர் வாங்கினாலும் அலைன்மென்ட், பேலன்சிங் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அலைன்மென்ட் சரியில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த டயரும் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காரை ரோட்டோடு பிடித்து வைத்திருப்பது ஒவ்வொரு டயரிலும் ஒரு உள்ளங்கை அளவு ரப்பர்தான். குடும்பமே உட்கார்ந்து போகும் காரில் அந்த உள்ளங்கை அளவு ரப்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.