எச்சரிக்கையைக் கடக்கப் பழக்கும் வளாகங்கள்

பல்கலைக்கழகத்தின் உள் இணையதளத்தை உலாவி 'பாதுகாப்பற்றது' என்று எச்சரித்தால், 'பொருட்படுத்தாமல் தொடர்க' என மாணவருக்குச் சொல்லிவிடுவது பல வளாகங்களில் வழக்கமாகிவிட்டது. இது பிழைதிருத்தம் அன்று. பிழையை மாணவர் தலையில் கட்டுவது. அவ்வாறு பழகியவர், இணைப்பு உண்மையிலேயே இடைமறிக்கப்படும் நாளிலும் அதையேதான் அழுத்துவார்.

குற்றம் பெரும்பாலும் சான்றிதழ் வழங்கும் சேவையகத்தின் புரொஃபைல் எனும் வார்ப்புருவில் இருக்கிறது. தளத்தின் பெயரைப் பொதுப்பெயர்ப் புலத்தில் மட்டும் எழுதும் முறையை 2000-இலேயே ஆர்எஃப்சி 2818 வழக்கொழியச் சொன்னது. 2017-இல் குரோம் 58 அதனை ஏற்பதையே நிறுத்திவிட்டது. மாற்றுப்பெயர் நீட்சியில் அப்பெயர் இருந்தாக வேண்டும். விண்ணப்பத்தில் அது சரியாகவே இருந்தாலும், அதனை எடுத்துக்கொள்ளுமாறு வார்ப்புரு அமைக்கப்படவில்லையெனில் சான்றிதழில் வந்து சேராது. விண்ணப்பத்தையே பத்துமுறை திருத்தி அனுப்பும் ஆய்வுக்கூடங்கள் தேடுவது தவறான இடத்தில்.

டாக்டேக் அமைப்பில், இயங்குநிலையிலுள்ள வார்ப்புருவை நிர்வாகி திருத்த இயலாது. முகவர் முதலில் அதனை முடக்கவேண்டும். திருத்தியபின் மீண்டும் ஒப்புதல் அளிக்கவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரு பொறுப்பையும் ஒருவரே சுமக்கும் வளாகத்தில் (அவரும் ஒப்பந்தப் பணியாளராயிருப்பது தனிக்கதை) அதற்குப் பொருளேது? வார்ப்புருவைத் திருத்தியதனால் முன்பு வழங்கிய சான்றிதழ்கள் மாறிவிடுவதும் இல்லை; ஒவ்வொன்றையும் புதிதாக வழங்கியே ஆகவேண்டும்.