பாங்கும் ஒலிபெருக்கியும்

தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்குகின்றன. தொழுகைக்கான அழைப்பை உருது பேசுவோர் 'அஜான்' என்பர். தமிழ் முஸ்லிம்களுக்கு அது 'பாங்கு'. குரல், ஓசை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. (அழகு, தன்மை என்ற பொருளில் நம்மிடம் வேறொரு 'பாங்கு' உண்டு.) எவ்வளவு இழுத்து இசைத்தாலும் பாங்கைப் 'பாடினார்' என்று எவரும் கூறுவதில்லை, பாங்கு 'சொன்னார்' என்பதே வழக்கு.

மதீனாவில் மக்களைத் தொழுகைக்கு அழைக்க மணியா, ஊதுகொம்பா என்ற யோசனைகளுக்குப் பின் மனிதக் குரலே தேர்ந்தெடுக்கப்பட்டது என்கின்றன நபிமொழித் தொகுப்புகள். முதலில் அழைத்தவர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பிலால். இன்றைய ஒலிபெருக்கிச் சச்சரவில் இரு தரப்பாருமே மறந்துபோவது இந்தத் தேர்வைத்தான்.

சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி வந்தது 1936இல். 1970களில் அந்நாட்டில் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டன. வானொலி பாங்கை ஒலிபரப்பியது. தொழுகை நின்றுவிடவில்லை. இங்கே 2005இல் உச்ச நீதிமன்றம் இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தது. நம் பக்கத்தில் சுபுஹுப் பாங்கு ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கு முன்னரே வந்துவிடும். (விடியுமுன் முழங்கும் மார்கழிப் பாட்டுக்கும் அதே தீர்ப்புத்தான், அதை நினைவூட்டுவோர் குறைவு.) 2020இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பாங்கு இஸ்லாத்தின் இன்றியமையாத பகுதி, ஒலிபெருக்கி அப்படியல்ல என்றது. எனக்கு இது சரியாகவே படுகிறது. பிறந்த குழந்தையின் வலது காதில் சொல்லும் பாங்குக்கு எந்தக் கருவி வேண்டியிருக்கிறது?

என் கவலை வேறு. 2010இல் கெய்ரோவில் ஒரே குரலை எல்லாப் பள்ளிவாசல்களுக்கும் அனுப்பும் திட்டம் தொடங்கியது. ஒழுங்குதான், ஆனால் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் குரல்கள் அதில் அடங்கிப்போகும். 'தொழுகைக்கு வாருங்கள்' என்னும்போது வலப்புறமும், 'வெற்றிக்கு வாருங்கள்' என்னும்போது இடப்புறமும் மோதினார் முகம் திருப்புவது நான்கு திசைக்கும் குரல் எட்டுவதற்காக. ஒலிவாங்கி வந்தபின் முகத்தைத் திருப்பினால் குரல் தேய்கிறது. ஆனாலும் பலர் அந்த மரபை விடவில்லை.

சளி கட்டிய தொண்டையோடு விடியலில் எழுந்து, விளக்கேற்றி, ஹவுளையும் கவனித்துக்கொள்ளும் இந்த மனிதர்களின் ஊதியம் பல ஊர்களில் மிகச் சொற்பம். ஒலிபெருக்கி வாங்கித் தந்தவரின் பெயரைச் சுவரில் எழுதிவைக்கும் ஜமாஅத்துகள், மோதினாரின் மாதச் சம்பளத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.